பிந்தியதற்குக் காரணம்

வெள்ளவத்தை. கடற்பக்க ஒழுங்கை.
பதினொரு மாடிக்குக் கீழே, நிலத்துக்குள் இரண்டாம் தட்டு.
போன மாதம்தான் தரைக்கு எப்பொக்சி பூசினார்கள்.
குனிந்தால் முகம் தெரியும்.
போயா லீவுக்குப் பாதிக் கார்கள் ஊருக்குப் போய்விடும்.
அந்தப் பாதியில்தான் எங்கள் ஓட்டம்.

என் பக்கி புழுதிக்கென்று செய்தது.
முள்ளு முள்ளாய் றப்பர் ரயர்.
இந்தத் தரையில் அது
மீன்சந்தைக்குப் புதுச் சப்பாத்தோடு வந்த மாப்பிள்ளை:
திருப்பினால் திரும்பாது,
திரும்பினால் நிற்காது.

ஃபோம் போடு, என்றான் பஸ்மீர்.
கடுதாசிப் பையில் நாலு தந்தான்,
கருகிய உளுந்துவடை மாதிரி, நடுவில் ஓட்டை.
இரண்டு கொஞ்சம் கடினம், முன்னுக்கு.
இரண்டு மெது, பின்னுக்கு.
பார்க்க நாலும் ஒன்றுதான்,
பெருவிரலால் அமுக்கிப் பார், அது சொல்லும்.

பழைய ரயர் கழர, றிம்முகளைச் சட்டியில் அவித்தேன்.
மணத்துக்குத் தங்கச்சி எல்லா யன்னலையும் திறந்தாள்,
பிறகு சட்டியையும் எறிந்தாள்.
முதல் ஃபோமைச் செருகிச் சுப்பர் குளூ விட்டேன்.
அது றிம்மில் பாதி, என் பெருவிரலில் பாதி ஓடியது.
விரலின் மேல் கண்ணாடித் தோலொன்று காய்ந்தது.
அதற்குப் பிறகு அமுக்கிய மூன்றும்
ஒரே மாதிரித்தான் இருந்தன.

நான் ஆசுப்பத்திரியில் பல் கட்டுகிறவள்.
மத்தியானச் சாப்பாட்டு நேரம்,
பொய்ப்பல் மினுக்கும் மோட்டரில் றிம்மைப் பூட்டி
அரத்தாள் பிடித்தேன்.
கறுப்பு மா பறந்து முகமூடியில் மீசை வரைந்தது.
பல்லொன்று அரை மில்லிமீற்றர் உயர்ந்தால்
தாடை முழுக்க நோகும்.
ரயரும் அப்படித்தான். அறுபத்திரண்டுக்குக் கொண்டுவந்து
ஓரங்களை வட்டமாக்கினேன்.
சில்லுச் சிறுத்துவிட்டதே, வேகம் குறையுமே என்று
மோட்டரின் சின்னச் சக்கரத்துக்கு
இரண்டு பல்லுக் கூட்டிப் போட்டேன்.
கூலி வாங்காமல் கட்டிய பல் இதுதான்.

முதல் சுற்று,
நம்பமாட்டீர்கள்,
கோடு கீறின மாதிரிப் போனது.
சத்தமே இல்லை, நாடா கிழிகிற ஒரு சீறல் மட்டும்.
இரண்டாம் சுற்றில் சத்துரங்கவை முந்தினேன்.
மூன்றாம் சுற்றில், பதினாலாம் தூண் வளைவில்,
முன்சில்லு தரையைக் கவ்வியது,
விடவில்லை.
பக்கி எழும்பி, புரண்டு, மல்லாந்து,
நாலு சில்லும் மேலே சுழல
ஒரு கறுப்பு வானின் கீழே போய்ப் படுத்தது.
காவலாளி சுனிமல் "அனே!" என்று
விளக்குமாற்றால் இழுத்து வெளியே எடுத்தார்.

பஸ்மீர் முன்னுக்கு அமுக்கினான், பின்னுக்கு அமுக்கினான்,
என்னைப் பார்த்தான்.
மாறிப்போச்சு.
இழுத்தால் ஃபோம் கிழியும், றிம் வராது,
அவ்வளவு வடிவாய் ஒட்டியிருந்தேன்.
முன் ரயர்களின் வெளிப்பக்கம் முழுக்க
மெல்லிசாய்ச் சுப்பர் குளூ தடவினான்.
விளிம்பு இறுகினால் வழுக்கும்,
வழுக்கினால் புரளாது.
காயட்டுமென்று நாலு பேர் சுற்றிக் குந்தி ஊதினோம்,
பிறந்தநாள் கேக்குக்குப் போல.

ஆறு பேரில் நாலாவதாய் வந்தேன்.
பிறகு ஒருமுறையும் புரளவில்லை.
பற்றரி செத்த பிறகும்
கையால் தள்ளித் தள்ளி அந்த வளைவைப் பார்த்தேன்.

காலையில் ஆசுப்பத்திரி வாசல் மெசின்
என் பெருவிரலைத் தெரியாது என்றது.
துடைத்து வைத்தேன். ஊதி வைத்தேன்.
பின்னால் வரிசை நீண்டது, தாதிமார் முணுமுணுத்தார்கள்.
பதினாறு வருஷம் தினமும் தொட்ட விரல்;
ரேகை நேற்று ஒரு றிம்மோடு போய்விட்டது.

அலுவலகத்தில் கொப்பியை நீட்டினார் ஜெரோம்.
நேரம்: எட்டு இருபத்தைந்து.
பிந்தியதற்குக் காரணம்: ரயர்.
பஞ்சரோ, என்று கேட்டார்.
இல்லை சேர்,
பிடி கூடிப்போச்சு.