ஏழாம் எண்

பெட்டியைத் திறக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.
பாரத்தில் இருந்ததே போதும்:
எண்ணெய் ஓவியங்கள், பதினொன்று, தற்காலிக இறக்குமதி,
பினாங்கில் கண்காட்சி முடிந்ததும் திரும்பும்.
ஆனால் மூலையில் பலகை விரிந்திருந்தது.
பட்டர்வொர்த் கிடங்கில் ஆளில்லை.
சாப்பிடப் போன தியோ மூன்று மணிக்கு முன்னால் வரமாட்டார்.

முதலில் மழை.
மழை என்றும் சொல்ல முடியாது,
துணி காயப்போட்டவள் எடுக்கலாமா வேண்டாமா என்று
வாசலில் நிற்கிற அளவு.
அதற்குள் சாம்பல் பூத்த ஒரு துறைமுகம்.
பாறாங்கல்லை மார்போடு அணைத்துத் தூக்குகிறான் ஒருவன்,
கழுத்து நரம்பு புடைக்கிறது,
பின்னால் ஒரு நாய் கொட்டாவி விடுகிறது.
நாலு பேர் சீட்டாடுகிறார்கள், ஒருவன் கண்ணடிக்கிறான்,
எதிரே இருப்பவனுக்கோ எனக்கோ.
ஐஸ்மேல் மத்தி. கண்ணில் தப்பில்லை,
செவுளைத் திறந்து பார்த்து வாங்குகிறவள் வரைந்தது.

ஏழாவது:
முதுகு காட்டி உட்கார்ந்த ஒரு பெண், மடியில் வலை.
செருப்பொன்று கழன்று கால்விரலில் தொங்குகிறது.
விழவில்லை.
நான் நின்ற நேரம் முழுக்க விழவேயில்லை.

'மறுபரிசோதனை' என்று முத்திரை குத்தி
பெட்டியை இன்னொரு நாள் நிறுத்திவைத்தேன்.
பதினெட்டு வருட வேலையில் அந்த ஒன்றுதான்.
பட்டியலில் வெறும் எண்கள் இருந்ததால்
விவரத்தையும் நானே எழுதினேன்.
ஏழு: பெண், அமர்ந்த நிலை, பின்புறம், ஒரு செருப்பு.

பெங்கலான் வெல்ட் அலுவலகத்துக்கு அவளே வந்தாள்,
நெக்கானே இரசுஸ்தா,
வெயிலில் மழைக்கோட்டு, நகக்கண்ணில் நீலம்.
பாரத்தில் 'ஸ்பெயின்' மேல் விரலை வைத்து
வேறொரு பெயர் சொன்னாள்.
தட்டிப் பார்த்தேன். குறியீடு வரவில்லை.
கணினியில் அப்படி ஒரு நாடு இல்லை என்றேன்.
"அதிலுமா?" என்று சிரித்தாள்.
'மற்றவை' என்றொரு வரிசை உண்டு.
அதை அவளுக்குக் காட்டவில்லை.

எது பிடித்தது என்று கேட்டாள்.
ஏழு என்றேன். அந்த ஒரு நாளையும் ஒப்புக்கொண்டேன்.
"ஆக, என் திறப்பு விழாவைத் தள்ளிவைத்தது நீதான்."
கோபமில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள்.
"அது என் அக்கா, ஒந்தாரோவா படகுத்துறையில்.
அன்றைக்கு அவள் மடியில் ஒன்றுமில்லை,
குனிந்து அழுதுகொண்டிருந்தாள்.
வலையை நான் அப்புறம் வரைந்தேன்."

பிறகு இரண்டு வாரம் தினமும் அந்தப் பெஞ்சுக்கு வந்தாள்.
ஏர்கானுக்காக என்றாள்.
மூன்றாம் நாள் ஒரு கேன்வாஸ் வந்தது. கேட்கவில்லை,
கவுண்டரில் முதுகைக் காட்டியபடி
உர மூட்டைகளையும் பழைய மோட்டார்களையும்
கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.
தின்னர் நெடிக்குத் தியோ தும்மினார், அவ்வளவுதான்.

திருப்பி அனுப்பும் நாள் பதினொன்றையும் எண்ணினேன்.
ஏழாவதில் சாயம் இன்னும் காயவில்லை.
சுவரில் தியோவின் சீனக் காலண்டர்,
ஜன்னலுக்கு வெளியே பெர்ரி,
வலை இருக்க வேண்டிய இடத்தில் ஃபைல்.
செருப்பு மட்டும் அப்படியே.
இல்லை, அது என் செருப்பு,
பட்டை அறுந்து பின் குத்திய பாட்டா.

பெண், அமர்ந்த நிலை, பின்புறம், ஒரு செருப்பு.
விவரம் பொருந்துகிறது.
அளவும் பொருந்துகிறது.
எடை கொஞ்சம் கூட, ஈரக் காற்று என்று எழுதலாம்.
அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு
பெர்ரியைப் பார்த்தாள்.
கையெழுத்துப் போட்டேன்.

அக்கா இப்போது ஜெலுத்தோங்கில்,
ஆறாவது மாடியில், என் கட்டிலுக்கு எதிரே.
வலை வரைந்த இடத்தில்
சாயம் ஒரு சுற்று தடிப்பாக இருக்கிறது,
விரலால் தடவினால் தெரியும்.

ஒந்தாரோவாவில் யாராவது
காப்பிக் கோப்பையோடு நின்று, என் முதுகைப் பார்த்து,
இவள் அழுகிறாளோ என்று யோசிக்கக்கூடும்.
ஃபைல்தான்.
பெரும்பாலும் ஃபைல்தான்.