பதினாறு கட்டம்

பாயான் லெப்பாஸில் வேலைக்குச் சேர்ந்த அன்று
அடையாள அட்டை இயந்திரம்
பெயருக்குப் பதினாறு கட்டம் தந்தது.
ஆங்கிலத்தில் வைஜயந்திக்குப் பதினொன்று,
ஓர் இடைவெளி,
பிறகு ஏ, சாய்கோடு, பி.
பதினாறாவது வெற்று.
முனியாண்டி வெளியே நிற்கிறார்.
ஆறு வருடமாக நான் மகள்.
யாருடைய மகள் என்பதற்கு இடமில்லை.

இன்னொரு பட்டியலில்
என் குடும்பப் பெயரே ஏ/பி.
சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சல் வரும்:
அன்புள்ள மிஸ் ஏ/பி.
சிரித்துக்கொண்டே பதில் போடுவேன்.

தூய்மை அறைக்குள் இதெல்லாம் கிடையாது.
முதல் நாள் வாசலிலேயே
திருநீற்றை அழிக்கச் சொன்னார்கள்.
சுருக்கென்றது.
அடுத்து நின்ற சியூ லிங்கிடம்
பவுடரைக் கழுவச் சொன்னார்கள்,
நோர் ஹஃபிஸாவிடம் கண்மையை.
சிலிக்கான் தட்டுக்கு எல்லாமே தூசு.
வெள்ளை உடுப்புக்குள் கண்கள் மட்டும்.
உள்ளே இருக்கும் வரை
யாருக்கும் ஊரில்லை, பேரில்லை.

உடுப்பைக் கழற்றினால்
மூன்றாம் மாடி, கூட்ட அறை.
ஆங்கிலத்தில் தொடங்கும்,
சூடு பிடிக்கும்போது ஹொக்கியனுக்கு மாறும்.
முடிவெடுப்பது அந்த மொழியில்தான்.
எனக்கு அவர்கள் சிரிப்பு மட்டும் புரியும்,
அதுவும் கடைசியில்.

போன வாரம் தட்டுகளில் கீறல்.
தலைமுடியை நூறாகப் பிளந்தால் அதில் ஒன்று.
நாளைக்கு நாற்பது தட்டு குப்பைக்குப் போனது.
நான் சொன்னேன்: பதினான்காம் இயந்திரம்,
கை மூட்டில் பேரிங் தேய்ந்திருக்கிறது.
தலையாட்டிவிட்டு
அடுத்த படத்துக்குப் போனார்கள்.
பத்து நிமிடம் கழித்து
ஓங் தெய்க் ஹுவாட் அதையே சொன்னார்
அவர்கள் மொழியில்.
அறை நிமிர்ந்து உட்கார்ந்தது.
மாலைக்குள் பேரிங் மாறியது.

பாலத்தில் நெரிசல்.
பட்டர்வொர்த் விளக்குகள்
கைக்கெட்டுவதுபோல் இருந்தன, எட்டவில்லை.
ஓங்கின் முகத்துக்கு நேரே
கேட்டிருக்க வேண்டியதையெல்லாம்
பிறை வரைக்கும் ஸ்டீயரிங்கிடம் கேட்டுக்கொண்டு போனேன்.
ஏழெட்டு வாக்கியம் நன்றாக வந்தது.
அதைக் கண்டுபிடித்தது நான்,
என்று முடிக்கும்போது
நாக்கு நின்றது.

அது நான் இல்லை.

இரவு ஷிப்டில் இரண்டு கண்கள் என்னை மறித்தன.
என் கையைப் பிடித்து இழுத்துப்போய்
உடைந்த மலாயில்,
பூஞி லாயின், காக். சத்தம் வேற.
காது வைத்தேன்.
எலி பல்லைக் கடிப்பதுபோல
நான்கு மூச்சுக்கு ஒரு தடவை.
நன்றி சொன்னேனா, நினைவில்லை.
குறிப்பேட்டில் தேதி எழுதினேன்,
நேரம், இயந்திர எண்.
ஓங் எனக்குச் செய்ததை
மூன்று நாள் முந்தியே
நான் செய்து முடித்திருந்தேன்.
அவருக்காவது என் பெயர் தெரியும்.

புதன்கிழமை பன்முகத்தன்மை நாள்.
மனிதவளப் பிரிவு கேட்டது:
சேலையில் வர முடியுமா,
போஸ்டருக்கு ஓர் இந்தியர் குறைகிறது.
நேப்பாளப் பெண்கள்? என்றேன்.
அவர்கள் ஏஜெண்டின் ஆட்கள்,
நம் கணக்கில் வரமாட்டார்கள்.
நூற்றெண்பது பேர்.

அறிக்கையில் கண்டறிந்தவர் என்று ஓர் இடம்.
அதற்கும் பதினாறு கட்டம்தான்.
உடை மாற்றும் அறைக்கு இறங்கிப் போனேன்.
முக்காட்டைக் கழற்றினாள்.
முதல் தடவையாக ஒரு மூக்கு, ஒரு வாய்,
கன்னத்தில் முகக்கவசம் பதிந்த கோடு.
பெயரை எழுத்தெழுத்தாகச் சொல் என்றதும்
பயந்துபோனாள்.
எதுக்கு காக்? தப்பு நடந்துவிட்டதா?
பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிறது.

இல்லை என்றேன் மலாயில்.
பிறகு தமிழில்.
பிறகு கையால்.

கோபிலா தமாங்.
ஆங்கிலத்தில் இடைவெளியோடு பதின்மூன்று.
முழுசாக உள்ளே வந்துவிட்டாள்,
மூன்று கட்டம் மிச்சம்.
பொத்தானை அழுத்தினேன்.
ஊழியர் எண் என்ன என்று
சிவப்பில் கேட்கிறது.