பாதிக் கூரை

இந்தத் தீவில் ஆறு கிடையாது.
பெர்முடாவில் கூரைதான் கிணறு.

வீடு நிற்கும் இடத்திலேயே
வாளால் அறுத்த கல் சுவரானது.
மெல்லிசாய் அறுத்தது கூரையானது.
சுட்டது சுண்ணாம்பானது.
அறுத்த பள்ளம் மிஞ்சியது, அது தண்ணீர்த் தொட்டி.
வெளியிலிருந்து வந்தவை
ஆணியும் வக்கீலும்தான்.

அம்மாவின் உயிலைப் படித்துவிட்டு அந்த வக்கீல்
முகட்டில் ஒரு கோடு கிழித்தார்.
கிழக்குச் சரிவு எனக்கு.
மேற்குச் சரிவு, கடல் தெரியும் சன்னல், நல்ல அடுப்பு
அண்ணன் கோர்டெலுக்கு.
ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு
என்றேன். அவன் சிரிக்கவில்லை.
தொட்டியை மட்டும் யாராலும் பிரிக்க முடியவில்லை.

ஆறு வருஷம்.
அவன் சரிவில் விழுந்த மழையில் நான் தேநீர் போட்டேன்.
என் சரிவில் விழுந்ததில் அவன் பல் தேய்த்தான்.

அவன் கடை பெயின்ட் அடித்தான், பத்து வருட உத்தரவாதத்தோடு.
நான் சுண்ணாம்பு.
செப்டம்பர் புயல் இரண்டையும் உரித்துவிட்டுப் போனது.
உத்தரவாதத்தில் புயல் சேராதாம்.

டிரம்மில் கற்சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் விட்டேன்.
பச்சைத் தண்ணீர்தான்.
நெருப்பில்லாமல் கொதித்தது,
சூளையில் தின்ற சூட்டையெல்லாம்
இத்தனை நாள் வைத்திருந்து கக்குவதுபோல.
எங்கள் குடும்பத்துக் கோபமும் இந்த வகைதான்.

மூன்றாம் நாள் வடிகட்டி, ஏணி ஏறி,
படிப்படியாய்ப் பூசிக்கொண்டு வந்தேன்.
முகட்டில் காற்று திரும்பியது.
தூரிகை தெறித்தது.
வலது கண்.

கத்தினேன்.
யார் பெயரைச் சொல்லிக் கத்தினேன் என்று நினைவில்லை.

ஏணியில் காலடி. தோளில் சாய்த்து இறக்கி,
பம்படியில் உட்கார வைத்து,
தாடையைப் பிடித்து, இமையை விரித்து
ஊற்றினான், ஊற்றினான்,
இருபது நிமிடம், வாளி வாளியாய்.
எந்தச் சரிவின் மழை என்று பிரித்தறிய முடியாத தண்ணீர்
கழுத்தில் இறங்கிச் சட்டையை நனைத்தது.

"தொட்டிக்குப் போற குழாய் வாயை அடைச்சியா?"
ஆறு வருஷத்தில் முதல் பேச்சு.
"அடைச்சேன்."
"எத்தனை பூச்சு?"
"மூணு."
அவ்வளவுதான். போய்விட்டான்.

கண் பிழைத்தது. ஓரத்தில் கொஞ்சம் மங்கல்.
திங்களன்று டிரம்மில் பாதி குறைந்திருந்தது.
மேற்குச் சரிவில் தூரிகைத் தடம் கோணல்மாணலாய்.
நான் கேட்கவில்லை.
சுண்ணாம்பு வெறுமனே காய்வதில்லை,
மெல்ல மெல்லக் காற்றைக் குடித்துக் கல்லாகிறது.
அவசரப்படுத்தினால் உதிரும்.

நல்ல அடுப்பு இன்னும் அவனிடம்தான்.