பதினேழாவது கட்டம்

பதினாறு கையெழுத்து வாங்கியாயிற்று.
உடைந்த காலுக்குக் கட்டை கட்டியது,
குன்றக்குடிப் படியில் மயங்கியவரைத் தூக்கி இறக்கியது,
பிரசவம் (ஆண், இரண்டு கிலோ எழுநூறு),
விஷக்கடி, தீக்காயம், வலிப்பு.
எல்லாவற்றுக்கும் எதிரே
சகாயராஜின் சாய்ந்த எழுத்து.

பதினேழு: சர்க்கரை இறக்கம். தனியாக.
அது நிரம்பினால்தான்
வண்டியின் பின்பக்கம் என் பொறுப்பு.
அதுவரை நான் மூன்றாவது ஆள்.

ஒன்பது நாளாய்க் காத்திருந்தேன்.
எதற்கு என்று சொல்ல வாய் கூசுகிறது.
இந்தப் பக்கத்தில் யாரோ ஒருவர்
இன்சுலின் போட்டுக்கொண்டு
சாப்பிட மறக்க வேண்டும், அதற்கு.

செவ்வாய் இரவு ஒருவர் மறந்தார்.
கானாடுகாத்தான். பெரிய வீடு. காவல்காரர்.
போனில் சொன்ன வாசல் கீழத்தெருவில்;
அவர் விழுந்து கிடந்தது மேலத்தெருப் பக்கம்.
நடுவில் ஒரே வீடு.
முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு,
என் பை தூணில் இடித்த சத்தம்
எனக்கு முன்னே ஓடியது.

வேர்வை. சில்லிட்ட கை. பேச்சில்லை.
மானி முப்பத்தாறு காட்டியது.
வாயில் சர்க்கரை போடக் கூடாது, புரையேறும்.
நரம்பில்தான் ஏற்ற வேண்டும்,
அதற்குச் சென்னையிலிருந்து டாக்டர் சொல்ல வேண்டும்,
சுவரோ இரண்டடிக் கனம். சிக்னல் இல்லை.

பைலட் வெள்ளைக்கண்ணு போனோடு முற்றத்துக்கு ஓடினார்.
வானம் தெரிந்த இடத்தில் டாக்டர் கிடைத்தார்.
"எவ்வளவாம்?"
"முப்பத்தாறு!"
"இருபத்தஞ்சு சதம், நூறு மில்லி, மெதுவா!"
"இருபத்தஞ்சு சதம், நூறு மில்லி, மெதுவா!"
திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி.
வௌவால்களும் கேட்டுக்கொண்டன.

சகாயராஜ் கையைப் பின்னால் கட்டி நின்றான்.
அதுவும் விதி. என்னைவிட ஆறு வயது சின்னவன்.
முதல் குத்து தவறியபோது
அவன் விரல் சொடுக்கியது கேட்டது.
இரண்டாவதில் ரத்தம் தெரிந்தது.

பாதி இறங்கும்போதே கண் திறந்தார்.
"யாரு? கதவு பூட்டித்தானே இருந்துச்சு?"
டார்ச்சை அவர் முகத்திலிருந்து
எடுக்க மறந்து நின்றாள் மகள்.

காரைக்குடியில் அவரை ஒப்படைத்தபின்
பேனாவைத் திறந்தான் சகாயராஜ்.
"மறுபடி பாத்தது எத்தனை மணிக்கு?"
நூற்று நாற்பத்திரண்டு என்று எழுதியிருந்தேன்.
நேரம் எழுதவில்லை.
பேனாவை மூடினான்.
"சாரிக்கா."
நியாயம்தான். ஆனாலும்
அவன் வாங்கித் தந்த டீயை ஆறவிட்டேன்.

விடிந்ததும் சீருடையைத் துவைத்துப் போட்டேன்.
இன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்று
வேண்டிக்கொண்டேன்,
முக்கால் மனசாய்.