நாலாவது சில்லு

வவுனியாவில் வாங்கிய கார்.
இரண்டு காப்பும் கொஞ்சக் கடனும் அதன் விலை.
பெயர் சன்னி. தங்கச்சி அதைச் சனி என்கிறாள்.
ஓடுகிறது. கதவு மூன்று மூடுகிறது.
சில்லுகள்தான் சொறி பிடித்துக் கிடந்தன.

உடையார்கட்டு ரயர்க் கடைப் பெடியன்
றிம்மைத் தனியே கழற்றித் தந்துவிட்டு,
"உதுக்கேன் அக்கா மினக்கெடுறியள்,
மேலால ஒரு சில்வர் அடிச்சா முடிஞ்சுது" என்றான்.
மேலால் அடித்தவர்கள் எத்தனை பேர் என்று
எண்ணத்தானே போகிறேன், தம்பி.

ஞாயிறு.
கிணற்றடிக்கு அப்பால், காற்றுக்கு முதுகு காட்டி,
பழைய கூரைத் தகரம் ஒன்றை விரித்தேன்.
மருந்தைத் தடிப்பாய்ப் பூசவேண்டும், தேய்க்கக் கூடாது.
சோளகம் உலர்த்திவிடாமல் பொலித்தீனால் மூடவேண்டும்.
கால்மணி நேரம் பொறுத்தால்
பாலாடை போல முதலில் ஒரு சுருக்கம்,
பிறகு அப்பளம் பொரிவதுபோல எழும்பும்.
ஒரு சொட்டு மணிக்கட்டில் பட்டது. கட்டெறும்பு.
வாளித் தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு
எனக்கே என்னைத் திட்டினேன்.

முதல் சில்லு: சில்வர், கறுப்பு, திரும்பவும் சில்வர்.
இரண்டாவதில் சில்வருக்கு அடியில் நேரே துரு,
யாரோ அவசரக்காரன்.
மூன்றாவதில் சேற்று நிறம்,
பிறஸ் மயிர் இரண்டு அதிலேயே ஒட்டிக் காய்ந்தபடி.
ஏன் சேற்று நிறம் என்று
இந்தப் பக்கத்தில் எவரும் கேட்கமாட்டார்கள்.

நாலாவதை மூடிவிட்டு இருந்தபோது
வேலிக்கு மேலால் பூலோகசிங்கம்:
"பிள்ளை, என்ன நாத்தம் இது,
என்ர தேத்தண்ணிக்குள்ளயும் மணக்குது!"
சண்டைக்கு வந்தவர் மாதிரித்தான் படலையைத் திறந்தார்.
நான் பொலித்தீனைத் தூக்கிய நேரம்.

சில்வர் உரிந்து, கீழே நீலம்.
யன்னலுக்கு அடிக்கிற நீலம்.
காருக்கு எவரும் அடிக்காத நீலம்.

அவர் குந்தினார். சில்லைப் பிரட்டினார்.
கை எரியும் ஐயா என்றேன், கேட்கவில்லை.
விளிம்பில் ஒரு வெல்டிங் தழும்பு,
அதைக் கண்ணால் அல்ல, கட்டைவிரலால் தேடி எடுத்தார்.
"பரந்தன் மதகில அடிச்சது.
வீட்டு யன்னலுக்கு வாங்கின பெயின்ற், மிச்சம்.
நாலு றிம்முக்கும் காணேல்ல.
மூண்டுக்குத்தான் அடிச்சனான்."

பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அவருடைய ஆடு ஒன்று கத்தியது.

"கரையில விட்டிட்டு வந்தனாங்கள்.
எல்லாற்ற வாகனமும் அங்கதானே.
நான் பூட்டிப்போட்டு வந்தனான், பிள்ளை."
சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது.
"திறப்பு இப்பவும் கிடக்கு. சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில."

எடுத்துக்கொண்டு போங்கோ என்றேன்.
"ஒரு சில்லை வைச்சு நான் எங்க போறது?"

நீலத்தையாவது விடலாம் என்று நினைத்தேன்,
உட்பக்கமாய், ஒரு உள்ளங்கை அளவு.
மருந்து எங்கள் கதைக்காக நிற்கவில்லை.
நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க
நீலம் கொப்புளித்தது.

அவர் சுரண்டியை என் கையிலிருந்து வாங்கினார்.
மற்ற மூன்றையும் நான் துடைத்திருந்த இலட்சணத்துக்கு
ஒரு "ச்சொ" கொட்டினார்.
"மூலைக்குள்ள விட்டிருக்கிறியள்.
நாளைக்கு ஊதிக்கொண்டு வரும்."
நட்டு ஓட்டைகளுக்குள் கம்பிப் பிறஸ்,
பிறகு சாண்ட் பேப்பர், பிறகு தின்னர்த் துணி.
நீலம் தகரத்தில் சுருண்டு சுருண்டு விழுந்தது.
கொத்த வந்த கோழியை ஒருக்கால் துரத்தினார்.
கடைசியில் இரும்பு.
அவ்வளவுதான், இரும்பு.

"பிறைமர் இண்டைக்கே அடிச்சுப் போடுங்கோ,
ஈரக் காத்துப் பட்டாத் துரு."
முழங்காலைத் தட்டிக்கொண்டு நடந்தார்.
படலையில் கையை வைத்தவர், திரும்பி,
"ஸ்பெயரா மட்டும் போட்டிடாதேங்கோ."

செவ்வாய்க்கிழமை.
பின்பக்கம், இடது.
நாலு நட்டையும் குறுக்கும் மறுக்குமாய் இறுக்கினேன்.