பெயருக்கு இடமில்லை

அன்டோஃபகாஸ்டா நகராட்சி வாசலில்
எனக்கொரு மடக்கு மேசை, ஒரு குடை, ஓர் அச்சுப்பொறி.
மார்ச் மாதம் மட்டும்தான் இந்த வேலை.
மற்ற பதினொரு மாதமும் மீன் சந்தையில் கணக்கெழுதுகிறேன்.
சீட்டில் கொஞ்சம் மீன் வாடை அடித்தால்
மன்னிக்கவும்.

இன்று முப்பத்தொன்று.
நேற்றுவரை நாளை நாளை என்றிருந்த ஊர்
மொத்தமாய் வந்து என் குடைக்கு முன்னால் நிற்கிறது.
சாலையில் ஓட அனுமதி வேண்டுமா,
முதலில் காப்பீடு.
விலை இரண்டு எம்பனாடா, ஒரு குளிர்பானம்.
மோட்டார் சைக்கிளுக்கு அதைவிடக் கூடுதல்.
ஏன் என்று கேட்கும் பையன்களின்
தலைக்கவசத்தைத் தட்டிக் காட்டுவேன்,
கதவு தட்டுவதுபோல.

பம்பர் நசுங்கினால் தருவார்களா?
மாட்டார்கள்.
கண்ணாடி உடைந்தால்?
மாட்டார்கள்.
திருடு போனால்?
அதற்கு வேறு சீட்டு, வேறு விலை,
ஏசி போட்ட வேறு அறை.
பிறகு எதற்குத்தான் இது?
உடம்புக்கு.
உள்ளே உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு,
சக்கரத்துக்கு முன்னால் வந்துவிடும் உடம்புக்கு.
தப்பு யார்மேல் என்று போலீஸ் எழுதி முடிப்பதற்குள்
மருத்துவமனைக்குப் பணம் கட்டத் தொடங்கிவிடும் சீட்டு.

டாக்ஸிக்காரர் தோன் அனாக்லெதோ
வருடா வருடம் இதே சண்டை.
இருபத்திரண்டு வருடம், ஒரு கீறல் கிடையாது,
கட்டிய பணமெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம்
என்று பசிபிக்கைக் கை நீட்டிக் காட்டுகிறார்.
அதுவும் ஆமாம் ஆமாம் என்று அலையடிக்கிறது.
"யாருக்காகக் கட்டுகிறேன்? பெயரைச் சொல்."
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
வண்டி எண் இருக்கிறது, எஞ்சின் எண் இருக்கிறது,
தன் பெயர் எழுத்துப்பிழையோடு இருக்கிறது.
அடிபடப் போகிறவரின் பெயருக்கு
ஒரு கோடுகூடப் போட்டு வைக்கவில்லை.

நான் அவருக்கு முழங்காலைக் காட்டவில்லை.
மேசைக்கு அடியில் அது தன்பாட்டுக்கு இருந்தது.

ஒன்பது வருடம் முன்பு, ஜூலை,
கடலிலிருந்து மூடுபனி ஏறிய காலை.
கையில் பால் பை.
மோதிய வண்டிக்குச் சீட்டு இல்லை.
ஓட்டியவன் நல்லவன், ஓடிப்போகவில்லை.
பதினோரு நாள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து
என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.
எலும்பில் வைத்த தகட்டுக்கு
ஆரஞ்சு எத்தனை டஜன்?
அவன் வண்டியை விற்றான்.
என் அண்ணன் படகை விற்றான்.
இன்னும் கொஞ்சம் பாக்கி.

கடைசியாக வந்தவள் மாவு ஒட்டிய கையோடு ஓடி வந்தாள்.
முதல் கார், தக்காளி நிறம்.
நான் யார்மேலும் ஏற்ற மாட்டேன்,
தள்ளுபடி உண்டா என்றாள்.
சிரித்துவிட்டேன்.
சில்லறையாகவே எண்ணிக் கொடுத்தாள்.

இருநூற்றுப் பதினான்கு சீட்டுகள்.
குடையை மடக்கினேன்.
எனக்குக் கார் கிடையாது, ஓட்டவும் தெரியாது.
கடற்கரைச் சாலையின் வெள்ளைக் கோடுகளில் கால் வைத்தபோது
கிரீச்சென்று நின்றது ஒரு டாக்ஸி.
ஹாரன். மறுபடியும் ஹாரன்.
தோன் அனாக்லெதோ.
மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த என்னைத்தான் தெரியும் அவருக்கு.
நடந்து பார்த்ததில்லை.

மூன்றாம் கோட்டில் ஹாரன் நின்றது.
வைப்பரைப் போட்டார், மழையே பெய்யாத ஊரில்.
கண்ணாடியில் இருந்த பாலைவனத் தூசி
இரண்டு பக்கமும் ஒதுங்கியது.

நான் மெதுவாகத்தான் நடந்தேன்.
என்னால் மெதுவாகத்தான் நடக்க முடியும்.