துண்டின் பின்பக்கம்

வியாழன்தோறும் வரும் தோல் டொக்டர்
எழுதிக்கொடுத்த துண்டோடு
கிளிநொச்சி ஆஸ்பத்திரியில்
என் ஈசிஜி அறை வாசலில் தாயும் மகளும்.
"தலைமயிருக்கும் உள்ளங்கைக்கும் காட்ட வந்தனாங்கள்.
நெஞ்சுக்கு ஏன் பிள்ளை?"

ஒட்டுசுட்டானிலிருந்து முதல் பஸ்.
பெயர் அபிசனா.
இரட்டைப் பின்னல் எங்கே என்று
காலைப் பிரார்த்தனையில் பேச்சு வாங்கும் தலை;
எந்த எண்ணெய்க்கும் இணங்காமல்
செம்மறிக்குட்டியின் சுருளாய்
காதோடு நின்றுவிட்டது.
பிறக்கையில் பூப்போல இருந்த கை
தவழத் தொடங்கத்தான் தடித்ததாம்.
இப்போது பாலைமரப்பட்டை.

துண்டைத் திருப்புகிறேன்.
பின்பக்கத்தில் டொக்டர் கீறிய படம்:
இரண்டு பெட்டிகள், நடுவே சட்டைத் தெறிபோல் ஒன்று.
கலத்தைக் கலம் பிடித்திருக்கும் புரதம்.
எங்கோ ஓர் எழுத்துப் பிசகி
தெறி தளர்ந்து பிறக்கும் சிலருக்கு.
தோலுக்கும் அதே தெறி, மயிருக்கும் அதே,
நிமிடத்துக்கு எழுபது தரம்
இழுபடும் நெஞ்சுக்கும் அதேதான்.

ஜெல் குளிர்கிறது என்று சிரிக்கிறாள்.
ஆறு ரப்பர் குமிழ்களில் மூன்றாவது
பிடிக்காமல் கழன்று விழ
திரும்ப அழுத்துகிறேன்.
தாள் வருகிறது.
முதல் மூன்று வரியிலும்
எழும்ப வேண்டிய அலை கவிழ்ந்து கிடக்கிறது.
சின்னப் பிள்ளையென்றால் பரவாயில்லை.
இவளுக்குப் பதினாறு.

"வீட்டில வேற ஆருக்கும் இந்தத் தலைமயிர்?"

"மூத்தவனுக்கு."
பிறகு, சுவரைப் பார்த்தபடி:
"பங்கருக்குள்ள பொத்திவைச்சு
வட்டுவாகல் பாலத்தால உயிரோட கொண்டுவந்த பிள்ளை.
பத்தொன்பது வயசில
வொலிபோல் அடிக்கக் கை தூக்கினவன்
அப்பிடியே விழுந்திட்டான்.
வெயில் எண்டிச்சினம்.
அண்டைக்கு நான் ஒரு தேசிக்காய்த் தண்ணியாவது
கரைச்சுக் குடுத்திருந்தா..."

படம் எடுப்பவள் பலன் சொல்லக்கூடாது.
அது டொக்டரின் வேலை.
ஒன்றை மட்டும் சொன்னேன்:
"தண்ணியால இல்லை அம்மா."

அவள் என்னைப் பார்க்கவில்லை.
துண்டை வாங்கி
அந்த இரண்டு பெட்டிகளின் நடுவை
பெருவிரலால் தடவினாள்,
மை கலைகிறதா என்று பார்ப்பதுபோல.

மகனும் மகளும்.
சொந்த மச்சானைத்தான் கட்டினாளா என்று
கேட்க வாயெடுத்து விட்டுவிட்டேன்.
அதையும் அவர் கேட்பார்.

தாளை மடிக்கிறேன், நீளமான தாள்.
திரைக்குப் பின்னால்
பஞ்சால் ஜெல்லைத் துடைத்தபடி அபிசனா:
"அக்கா, கெதியா முடியுமோ?
பின்னேரம் நெற்போல் பிறாக்டிஸ் இருக்கு."